அசையாத பல்

லண்டனின் ஹன்ட்டேரியன் அருங்காட்சியகத்தில், நீளவாக்கில் அறுக்கப்பட்ட ஒரு சேவல் தலை பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் கொண்டைக்குள் ஒரு மனிதப் பல் புதைந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் நட்ட பல் அது. ஓர் உடலிலிருந்து எடுத்த பல் இன்னோர் உடலில் ஒட்டி உயிர்பெறுமா என்று அறிய விரும்பிய அவர், இரத்த ஓட்டம் மிகுந்த சேவல் கொண்டையைக் கீறி அதில் பல்லைச் செருகினார். பின்பு அந்தத் தலையின் இரத்தக்குழாய்களில் சாயம் ஏற்றி அறுத்துப் பார்த்தார். கொண்டையின் குழாய்கள் பல்லோடு இணைந்துவிட்டன என்று முடிவுகட்டி, 1771இல் வெளியான மனிதப் பற்களைப் பற்றிய தம் நூலில் அதை எழுதினார். பலமுறை முயன்றதில் ஒரே ஒரு முறைதான் இது கைகூடியது என்பதையும் அதே நூலில் மறைக்காமல் சொன்னார். ஆனால் அவர் காலத்துப் பல் மருத்துவர்களை ஈர்த்தது கைகூடிய அந்த ஒன்றுதான். தவறிப்போன மற்ற முயற்சிகளை யாரும் பொருட்படுத்தவில்லை.

பல்லுக்கு உயிர் வருமா என்பது ஹன்ட்டரின் கேள்வி. அவருக்கு முன்பும் பின்பும் பலர் கேட்டது அதைவிட எளிய கேள்வி: நட்ட பல் ஆடாமல் நிற்குமா? விழுந்த பல்லைத் திரும்ப நடும் மருத்துவம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்பது என் முடிவு. கருவியோ கைத்திறனோ குறைவாக இருந்ததால் அது தேங்கவில்லை. பல் கெட்டியாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று கருதினார்கள். அந்தக் கெட்டித்தன்மையே பல நேரங்களில் வேர் கரையத் தொடங்கிவிட்டதன் அறிகுறி என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஐயமின்றித் தெளிவானது. பல்லைக் காப்பாற்றும் நோக்கத்தோடு அவர்கள் செய்த காரியங்களே (கழுவியது, சுரண்டியது, கொதிக்கவைத்தது, கம்பியால் இறுக்கிக் கட்டியது) அதன் ஆயுளைக் குறைத்தன என்பது இந்த வரலாற்றின் துயரமான பகுதி.

பழைய சான்றுகளிலிருந்து தொடங்குவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தை ஒட்டி வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, தம் ‘அல்-தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் அறுவைப் பகுதியில், ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு பொன்கம்பியால் பின்னிக் கட்டும் முறையை விவரிக்கிறார். வெள்ளிக் கம்பி சில நாளில் பச்சை பூத்துவிடும், பொன் மாறாது என்பதால் பொன்னே நல்லது என்கிறார். விழுந்துவிட்ட பல்லையும் அதன் இடத்தில் வைத்து இப்படியே கட்டலாம், ஆனால் மென்மையான தேர்ந்த கை வேண்டும் என்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரேயும் அடிபட்டுக் கழன்ற பற்களைத் திரும்ப வைத்துக் கட்டுவதைப் பற்றி எழுதினார். ஓர் அரசகுலப் பெண் தன் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு, உடனிருந்த பணிப்பெண்ணின் பல்லை அந்த இடத்தில் வைத்துக்கொண்டதாகத் தாம் கேள்விப்பட்ட செய்தியையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். இந்த இருவர் எழுத்திலும் பல் தாடையில் நிற்க வேண்டும், அதற்குக் கட்டு வேண்டும் என்பதே கவலை. பல்லை எவ்வளவு நேரத்துக்குள் வைக்க வேண்டும், அதுவரை எதில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் எழவே இல்லை.

1728இல் பாரிஸில் வெளிவந்த பியேர் ஃபோஷாரின் ‘பல் அறுவை மருத்துவர்’ என்ற நூலோடு பல் மருத்துவம் தனித் துறையாக எழுந்து நின்றது. பிடுங்கிய பல்லை அதே குழியில் திரும்ப வைத்து, அது பிடித்துக்கொண்ட நிகழ்வுகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்த நூற்றாண்டில் இது விபத்துக்கான மருத்துவமாக மட்டும் இருக்கவில்லை. தாங்க முடியாத பல்வலிக்கு, பல்லைப் பிடுங்கி, சொத்தையை வெளியிலேயே அடைத்து, மறுபடி குழிக்குள் அழுத்துவது வழக்கமாயிற்று. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவர் ஃபிலிப் ப்ஃபாஃப் 1756இல் எழுதிய நூலில், திரும்ப நடுவதற்கு முன் வேரின் நுனியை அடைக்கும் முறை வருகிறது. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பல் மருத்துவர் தாமஸ் பெர்ட்மோர் 1768இல் இதைப் பற்றி எழுதினார். மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைவில் கொண்டால், நோயாளிகள் இதற்கு ஒப்புக்கொண்டதே வியப்புதான். எனினும் இவர்களுடைய வெற்றிகளைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நாற்காலியில் உட்காரவைத்துப் பிடுங்கி, சில நிமிடங்களில் திரும்ப வைத்த பல் நன்றாகவே பிடித்திருக்கும். எந்த நிலையில் இந்த வேலை வெற்றிபெறுகிறதோ, அந்த நிலை அவர்களுக்குத் தற்செயலாக அமைந்தது. வெற்றிக்குக் காரணம் விரைவுதான் என்பதை அவர்கள் பிரித்தறியவில்லை.

ஹன்ட்டரிடம் இந்தக் குழப்பம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அடிபட்டு விழுந்த பல்லைக் கூடிய விரைவில் குழியில் வைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். அதே மனிதர், வலியுள்ள சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் அதைக் கொதிக்கவைத்து, முற்றிலும் சுத்தமாக்கி, நோயை அழித்து, பிறகு நடலாம் என்கிறார். செத்த பல் மேற்கொண்டு சொத்தையாகாது என்பது அவர் வாதம். ஒரு பக்கம் உயிருள்ள பல் உடலோடு ஒன்றுகிறது என்று காட்டச் சேவல் கொண்டை. மறுபக்கம் கொதிநீரில் கொன்ற பல்லும் தாடையில் நிற்கிறது என்ற அனுபவம். இரண்டுமே கண்ணால் கண்டவை. இவற்றை அவர் அக்கம்பக்கமாக வைத்துக்கொள்ள முடிந்ததற்கு ஒரே காரணம், இரண்டுக்கும் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே: சில வாரங்கள் கழித்துப் பல் ஆடுகிறதா, இல்லையா.

இந்த அளவுகோலின் விலையை ஏழைகள் கொடுத்தார்கள். பல் நிற்கிறது என்றால் யாருடைய பல்லையும் யாருக்கும் வைக்கலாம் என்றாயிற்று. லண்டனில் பணக்காரர் ஒருவரின் வாயில் பொருந்தும் பல்லுக்காகப் பலரை வரவழைத்து உட்காரவைப்பது நடைமுறையானது. முதலாமவரின் பல் பொருந்தாவிட்டால் அடுத்தவருடையதைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். 1787இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், புகைக்கூண்டு துடைக்கும் சிறுவனின் வாயிலிருந்து பல் எடுக்கப்படுகிறது. உயிருள்ள பற்களுக்கு நல்ல விலை தரப்படும் என்று ஓர் அறிவிப்பு தொங்குகிறது. அமெரிக்காவில் ழான் பியேர் லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் ஒரு முன்பல்லுக்கு இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாக விளம்பரம் செய்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணைக் கணக்கில், 1784 மே மாதம், அந்தப் பல் மருத்துவரின் பொருட்டு ஒன்பது பற்களுக்காகக் கறுப்பினத்தவருக்கு 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அடிமைகளின் வாயிலிருந்து எடுத்த பல் ஒன்றுக்குப் பதினான்கு ஷில்லிங்கூடக் கிடைக்கவில்லை. வாங்கியவர்களும் தப்பவில்லை. பல் நட்ட இடத்தில் புண்கள் தோன்றி உடலெங்கும் பரவிய நிகழ்வுகளை 1780களில் லண்டன் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். சிஃபிலிஸ் என்றார்கள் பலர். ஹன்ட்டர் அதை ஏற்க மறுத்தார். அந்தப் பயமும், 1791இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற துபுவா தெ ஷெமானின் பீங்கான் பற்களும் சேர்ந்து இந்த வியாபாரத்தைத் தளரச்செய்தன. அயலாரின் திசுவை உடல் ஏற்க மறுக்கும் என்ற நோயெதிர்ப்பு அறிவு வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

இனி, அவர்கள் கண்ணில் படாத அந்தப் பொருளுக்கு வருவோம். பல்லின் வேர் தாடை எலும்பில் ஆணிபோல் நேரடியாக அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் குழியின் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. பல் மருத்துவர்கள் பெரியடான்டல் லிகமென்ட் என்கிறார்கள். இதை வேர்ச்சவ்வு என்று கொள்வோம். மெல்லும்போது பல் கடுகளவு அமுங்கி எழுவது இதன் நெகிழ்வால்தான். பல் அடிபட்டு வெளியே வரும்போது இந்தச் சவ்வு நடுவில் கிழிகிறது; பாதி குழியிலும் பாதி வேரின் மேலும் ஒட்டி நிற்கும். வேரில் ஒட்டியிருக்கும் பாதியின் செல்கள் உயிரோடு இருந்தால், திரும்ப வைத்த சில வாரங்களில் இரு பாதிகளும் சேர்ந்துவிடும். நாற்றைப் பிடுங்கி நடும் உழவர் வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் காப்பதும் இதுவும் ஒன்றுதான். அந்தச் செல்கள் செத்துவிட்டால், வேரின் மேற்பரப்பை மூட இரண்டு தரப்புச் செல்கள் போட்டியிடுகின்றன. சேதம் சிறிதாக இருந்தால் பக்கத்துச் சவ்வின் செல்கள் பரவி மூடிவிடும். பெரிதாக இருந்தால் எலும்பின் செல்கள் முந்திக்கொண்டு வேரைத் தொட்டுவிடும். எலும்பு தன்னைத் தானே ஓயாமல் அரித்து ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் பொருள். வேர்ச்சவ்வின் காவல் போனதும் வேரையும் அது தன்னில் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறது. அரித்து, அரித்த இடத்தில் எலும்பை நிரப்புகிறது.

இப்படி ஒட்டிப்போன பல் எப்படி இருக்கும்? மற்றெந்தப் பல்லையும்விட உறுதியாக இருக்கும். இயல்பான பல்லுக்குரிய சிறு அசைவுகூட அதில் இராது. வலி இல்லை, வீக்கம் இல்லை. கண்ணாடிப் பிடி போன்ற ஏதாவது உலோகக் கருவியின் பின்புறத்தால் தட்டினால் மட்டும் பக்கத்துப் பல்லைவிடக் கூர்மையான, உலோகம்போன்ற ஓசை வரும். ஹன்ட்டரின் கொதித்த பல் இப்படித்தான் நின்றிருக்கும். நோயாளி மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பார். சில ஆண்டுகள் கழித்து வேர் முழுதும் எலும்பாக மாறி, பல்லின் தலைப்பகுதி ஒருநாள் சோறு தின்னும்போது உடைந்து விழுந்தால், அதைக் கொண்டுவந்து அதே மருத்துவரிடம் காட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காட்டியிருந்தாலும், பழைய பல் தேய்ந்து போயிற்று என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். உண்மையை மறைத்தது நோயல்ல, குணமானதுபோன்ற தோற்றம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தோற்றம் இன்னும் வலுப்பெற்றது. 1880களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவின் வில்லியம் யங்கர், பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பைக் குடைந்து புதிய குழியுண்டாக்கி, எப்போதோ பிடுங்கி உலர்ந்துபோன பற்களை அதில் நட்டுக் காட்டினார். அவை நின்றன. உலர்ந்த பல்லின் சவ்வுக்கும் உயிர் திரும்பும் என்றுகூட அவர் நம்பினார். சில ஆண்டுகளில் பல ஊர்களிலும் இதை முயன்றவர்கள் வேர்கள் கரைந்துபோவதைக் கண்டார்கள். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: அப்படியானால் உண்மை அப்போதே தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள்? வியன்னாவின் யூலியஸ் ஷெஃப் 1890இல் திரும்ப நடும் பற்களைப் பற்றி எழுதியபோதே, பல்லின் கதியைத் தீர்மானிப்பதில் வேர்ச்சவ்வுக்குப் பங்குண்டு என்று சுட்டிக்காட்டிவிட்டாரே? காட்டினார், உண்மை. ஆனால் அந்தக் காலத்தின் மிகப்பெரிய மருத்துவ வெற்றி அவர் குரலை அமுக்கிவிட்டது. லிஸ்டர் 1867இல் தொடங்கிவைத்த கிருமி ஒழிப்பு, அறுவை மருத்துவத்தையே மாற்றியிருந்தது. தரையில் விழுந்த பல் அழுக்கு, அழுக்கில் கிருமி, எனவே கார்பாலிக் அமிலத்திலும் பாதரச உப்புக் கரைசலிலும் ஊறவை, வேரில் ஒட்டிய சதையைச் சுரண்டி எடு. அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வேரில் ஒட்டிய சதை அழுக்கு என்ற முதற்கோள் ஒன்றுதான் பிழை.

இன்னொரு மறுப்பு எக்ஸ்ரே பற்றியது. 1895க்கு முன் தாடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை, ஆகவே அறியாமைக்குக் கேள்வியைக் குறைசொல்வது நியாயமா? கருவி இல்லாதவரை ஒருவரையும் குறைசொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் எக்ஸ்ரே வந்த பிறகும் அறுபது ஆண்டுகள் பெரும்பாலான மருத்துவர்கள், விழுந்த பல்லைக் கையில் பிடித்துக்கொண்டே வேர்க்குழாயைச் சுத்தம்செய்து அடைத்து, அந்த நேரமெல்லாம் வேர் உலர, பிறகுதான் வாயில் வைத்தார்கள். 1910இல் மான்ட்ரியலில் வில்லியம் ஹன்ட்டர் (ஜான் ஹன்ட்டரோடு இவருக்கு உறவில்லை) நிகழ்த்திய சொற்பொழிவுக்குப் பின், செத்த பற்களே உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்ற கோட்பாடு பரவி, திரும்ப நடுவதையே பலர் கைவிட்டார்கள். படம் கிடைத்தது, படத்தில் எதைத் தேட வேண்டும், எத்தனை ஆண்டு தேட வேண்டும் என்பது கிடைக்கவில்லை.

அது கிடைத்த இடம் ஸ்காண்டினேவியா. 1961இல் ஹரால்ட் லூவும் யென்ஸ் வேர்ஹாகும் நாய்களிலும் குரங்குகளிலும் பற்களைப் பிடுங்கி நட்டுப் பார்த்தார்கள். உடனே வைத்த பற்களில் சவ்வு உயிரோடு சேர்ந்தது; உலரவிட்ட பற்கள் எலும்போடு ஒட்டிப்போயின. 1966இல் கோபன்ஹேகனின் யென்ஸ் ஊவ ஆண்ட்ரியசனும் எரிக் யோர்ட்டிங்-ஹான்சனும், விபத்தில் விழுந்து திரும்ப நடப்பட்ட 110 மனிதப் பற்களைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் புதிய அறுவை முறை எதுவும் இல்லை. யாருடைய பல் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று விசாரித்து, வேரின் படத்தை மறுபடி மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டதுதான் அதன் முழு வேலை. முப்பது நிமிடத்துக்குள் திரும்ப வைத்த பற்களில் 90 விழுக்காட்டில் வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் 95 விழுக்காடு கரைந்தன. கூடவே, நடப்பட்டுப் பின்னர் எடுக்க நேர்ந்த 22 முன்பற்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்து, படத்தில் தெரிவதற்கும் திசுவில் நடப்பதற்கும் உள்ள உறவை நிறுவினார்கள். சவ்வு சேர்ந்து குணமாதல், எலும்பு வேரை விழுங்குதல், கிருமி புகுந்த பற்கூழால் அழற்சியேற்பட்டு வேகமாகக் கரைதல் என்று மூன்று வெவ்வேறு கதிகள் அப்போதுதான் பிரித்து அறியப்பட்டன. அதுவரை இவற்றுள் முதலிரண்டும் ‘பல் பிடித்துக்கொண்டது’ என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தன.

மூன்றாவது கதிக்கும் விரைவிலேயே விடை கிடைத்தது. வெளியே வந்த பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ், முழுதாக வளர்ந்த வேரில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. செத்த கூழில் கிருமி பெருகி, அதன் நஞ்சு பல்லின் நுண்குழல்கள் வழியாக வேரின் வெளிப்பரப்புக்குக் கசியும். சில மாதங்களிலேயே வேரைக் காலியாக்கக்கூடிய கொடுமை இது. ஸ்டாக்ஹோமின் மியோமிர் ச்வெக் 1970களில் கால்சியம் ஹைட்ராக்ஸைடை வேர்க்குழாயில் வைத்து இதைத் தடுக்கலாம் என்று காட்டினார். இன்றும் வளர்ந்த வேருள்ள பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்குகிறார்கள். ஆனால் பல்லை வாயில் வைத்த பிறகு.

1995இல் ஆண்ட்ரியசன் குழுவினர் 400 பற்களின் கதையை வெளியிட்டார்கள். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை. சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்க்கப்பட்ட பற்கள் அவை. அவற்றில் ஈறு நன்றாக ஆறியவை 93 விழுக்காடு. வேர்ச்சவ்வு ஆறியவை 24 விழுக்காடு. பற்கூழ் பிழைத்தவை 8 விழுக்காடு. நுனி மூடாத இளம் வேர்களில் மட்டும் கணக்கிட்டால் அது மூன்றில் ஒன்று. அதாவது வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நூற்றில் 93 பல் குணமானவை. ஃபோஷாரும் பெர்ட்மோரும் ஹன்ட்டரும் பார்த்தது அந்த 93ஐ. வேருக்கு அருகில் போய்ப் பார்த்தால் அது நூற்றில் 24. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் இந்த மருத்துவத்தின் ஆயிரம் ஆண்டுத் தேக்கம். நவீன மருத்துவமனையில், நல்ல மருத்துவர்கள் கையில் கிடைத்த முடிவு இது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பெரும்பாலான பற்கள் மருத்துவரை அடையும் முன்பே கதி முடிவாகிவிட்டிருந்தது.

கட்டும் முறையும் இதே வழியில் தலைகீழாக மாறியது. அல்-ஸஹ்ராவியின் பொன்கம்பி முதல் இருபதாம் நூற்றாண்டின் அக்ரிலிக் கட்டு வரை, இறுக்கமே நன்மை என்றிருந்தது. ஆறு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல் அசையவிடாமல் வைத்தார்கள். 1975இல் ஆண்ட்ரியசன் குரங்குகளில் செய்த ஆய்வு, நீண்ட இறுக்கமான கட்டு, வேர் எலும்போடு ஒட்டிப்போவதைக் கூட்டுகிறது என்று காட்டியது. சவ்வு ஒழுங்காக வளர அதற்குக் கொஞ்சம் அசைவு வேண்டும். இன்றைய சர்வதேச வழிகாட்டுதல் இரண்டு வாரமே கட்டச் சொல்கிறது; 0.4 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய கம்பியோ, மீன்பிடிக்கும் நைலான் இழையோ போதும், பல்லின் முகப்பில் ஒட்டிவிடலாம். பொன்னால் கட்டிய வேலையைத் தூண்டில் நரம்பு அதைவிட நன்றாகச் செய்கிறது.

வேர்ச்சவ்வுதான் நோயாளி என்று புரிந்ததும் மருத்துவத்தின் முதற்கட்டம் மருத்துவமனையை விட்டு வெளியேறி விளையாட்டு மைதானத்துக்கும் சாலையோரத்துக்கும் வந்துவிட்டது. சவ்வின் செல்கள் உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் பிழைப்பது அரிது. தண்ணீரில் போட்டால், செல்லுக்குள் இருக்கும் உப்புச் செறிவைவிட வெளியே குறைவு என்பதால் நீர் உள்ளே பாய்ந்து செல்கள் வெடிக்கும். ஸ்வீடனின் லெய்ஃப் புளோம்லூஃப் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலையும் உமிழ்நீரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பாலின் உப்புச் செறிவு உடலுக்கு நெருங்கியது, புளிப்பும் காரமும் மிகாதது, பதப்படுத்திய பாலில் கிருமி குறைவு, எங்கும் கிடைப்பது. தென்னை நாட்டில் எழக்கூடிய கேள்வியை எழுப்பியவர்கள் சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள்: 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இளநீர் பாலைவிடவும் அதிகச் செல்களைக் காத்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. இளநீரின் இயல்பான புளிப்பு செல்லுக்கு ஆகாது என்று அவை கண்டன. ஆகவே, இப்போதைக்குப் பால்தான். விழுந்தது நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ மெல்ல அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே குழியில் வைத்து ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் செய்து மருத்துவரிடம் ஓட வேண்டும். முடியாவிட்டால் டீக்கடையில் ஒரு குவளை காய்ச்சாத குளிர்ந்த பால் வாங்கி அதில் பல்லைப் போட வேண்டும். பால்பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது; கீழே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு. ஒவ்வொரு பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய ஐந்து வரி இது. அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது ஆற்றாமை தருகிறது, ஏனென்றால் இங்கே வேண்டியது பணமோ கருவியோ அல்ல.

எனக்கு எதிரான வாதங்களில் வலுவானது இனி வருவது. எலும்போடு ஒட்டிப்போன பல்லை ஏன் தோல்வி என்கிறீர்கள்? ஜெர்மனியின் ஹாமர் 1955இலேயே, பிழையின்றி நட்ட பல் சராசரியாகப் பத்தாண்டு நிற்கும் என்று மதிப்பிட்டார். பத்தாண்டு சொந்தப் பல்லால் சிரிக்கவும் கடிக்கவும் முடிந்தால் அது சிறிய நன்மையா? வளர்ந்தவர்கள் அளவில் இந்த வாதத்தை முழுமனதோடு ஏற்கிறேன். நாற்பது வயதில் எலும்பு மெதுவாகவே அரிக்கும். ஒட்டிய பல் இருபதாண்டுகூட உழைக்கலாம். இன்றைய வழிகாட்டுதல்களும் நேரம் கடந்த பல்லைத் தூக்கி எறியச் சொல்வதில்லை, பெரும்பாலும் வைக்கவே சொல்கின்றன. ஆனால் பல் விழும் விபத்துகள் அதிகம் நேர்வது குழந்தைகளுக்கு. அந்த 400 பற்களின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பதினோரு வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த வயதில் எலும்பு வேகமாக அரிக்கும். அதைவிட மோசமாக, தாடை கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே போக, ஒட்டிப்போன பல் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிடும். பக்கத்துப் பற்களுக்கு நடுவே குட்டையாகி, அந்த இடத்து எலும்பின் வளர்ச்சியையும் பிடித்து நிறுத்தும். ஸ்வீடனின் பார்ப்ரூ மால்ம்கிரென் குழுவினர் 1984இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒட்டிய பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுத்து, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு, மேலே ஈறால் மூடிவிடுவது. வேர் வழக்கம்போல் எலும்பாக மாறும். தாடையின் அகலம் குறையாது. பிள்ளை வளர்ந்தபின் அங்கே செயற்கைப் பல் வைக்க நல்ல எலும்பு காத்திருக்கும். எலும்பு வேரைத் தின்பதைத் தடுக்க முடியாத இடத்தில், தின்பதையே பயனாக்கிக்கொண்ட முறை இது. பல்லை உறுதியாக நிறுத்துவதே குறிக்கோளாக இருந்த நூற்றாண்டுகளில் இப்படி ஒரு மருத்துவம் எண்ணத்தில்கூடத் தோன்றியிருக்காது.

முன்பல் இழந்த குழந்தைக்கு இன்னொரு வழியும் இப்போது உண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டில் கெட்ட பெயரோடு முடிந்த அதே அறுவைதான்: ஓரிடத்துப் பல்லை இன்னோரிடத்தில் நடுவது. பல் அதே குழந்தையுடையது. நெருக்கமாக வளரும் முன்கடைவாய்ப் பற்களில் ஒன்று. வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடும் முன்பே, சவ்வு கிழியாமல் தோண்டி எடுத்து, சில நிமிடங்களுக்குள் முன்பல்லின் இடத்தில் வைக்கிறார்கள். கூழுக்கு மறுபடி இரத்தம் பாய்கிறது, வேர் தொடர்ந்து வளர்கிறது, தாடையோடு சேர்ந்து பல்லும் இறங்குகிறது. பின்பு அதன் முகப்பை முன்பல்லின் வடிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். இதைச் சீராக வளர்த்தெடுத்தவர்கள் ஆஸ்லோவின் மருத்துவர்கள். அங்கே நடப்பட்ட 33 பற்களை 17 முதல் 41 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது இன்னும் வாயில் இருந்தன. அந்த ஆய்வாளர்கள் பல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தவில்லை. வேர் கரைந்திருக்கிறதா, பல்லுக்கு இயல்பான அசைவு இருக்கிறதா என்று தனியாகச் சோதித்து, அந்தக் கடுமையான அளவுகோலில் தேறியவை 79 விழுக்காடு என்று வேறாக எழுதினார்கள்.